ஃபைல் காணாமல் போனால் முதல் ஒரு மணி நேரத்தில் செய்யக் கூடாதவை

வீட்டு சிஸ்டத்தில் ஃபைல் காணாமல் போவது பாதிச் சேதம்தான். மீதிச் சேதம், தேடுகிறேன் பேர்வழி என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் நாம் செய்யும் வேலைகளில் நடக்கிறது. நிதானமாக இருந்திருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கக் கூடிய எத்தனையோ ஃபைல்கள் அந்த ஒரு மணி நேரத்தில்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் எப்படி மீட்பது என்பதைவிட எதில் கை வைக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் இது வெறும் போட்டோ சமாச்சாரம் இல்லை. மேலே கேரள மலையில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டு சிஸ்டத்தைத் திறந்து பார்த்தால், தினமும் ஜீப்பில் மலையேறும் ஆட்களின் கூலிக் கணக்கு, காய் எடுத்த எடை, போடியிலும் புட்டடியிலும் ஏலத்தில் போட்ட சரக்கின் சீட்டு, கேரளப் பக்கத்து நிலத்துக்குக் கட்டிய வரி ரசீதின் ஸ்கேன், கூடவே மகள் கல்யாண ஆல்பம், எல்லாம் ஒரே டிரைவில் கிடக்கும். யூபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாள் ஆகியிருக்கும். ஐப்பசி பிறந்தால் மத்தியானத்துக்கு மேல் மலையில் இடி இறங்கும், கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். ஒரு நாள் திறந்து பார்த்தால் ஃபோல்டர் காலி.

முதல் தவறு, ஃபைல் நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்காமலே பதறுவது. ரீசைக்கிள் பின்னில் எல்லாரும் பார்ப்பார்கள், அதோடு நின்றுவிடுவார்கள். ஷிஃப்ட் அழுத்தி அழித்ததும், பென் டிரைவிலிருந்து அழித்ததும் அங்கே வராது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இன்னொரு பெரிய குழப்பம் ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த சிஸ்டத்தில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொள்வது சகஜம். அப்புறம் யாரோ எரிச்சலில் ஒன்டிரைவை நிறுத்துவார்கள், டெஸ்க்டாப் வெறிச்சென்று ஆகிவிடும், 'எல்லாம் போச்சு' என்று வீடே கூடும். ஃபைல் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே பத்திரமாக இருக்கும், இல்லாவிட்டால் அதன் இணையப் பக்கத்தில் இருக்கும். அழித்ததுகூட தனிநபர் கணக்கில் 30 நாள் அங்குள்ள குப்பைத்தொட்டியில் கிடக்கும். கூகுள் டிரைவிலும் 30 நாள்தான். கூகுள் போட்டோஸில் ஏற்றி வைத்த படம் என்றால் 60 நாள்.

அப்டேட் முடிந்ததும் டெஸ்க்டாப் புத்தம்புதுசு மாதிரி தெரிந்தால், வின்டோஸ் உங்களைத் தற்காலிக கணக்கு ஒன்றில் உட்கார வைத்திருக்கலாம். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து உங்கள் பழைய பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இந்த நிலையில் 'சரி, இன்றைய கணக்கை இதிலேயே எழுதி வைப்போம்' என்று உட்காராதீர்கள். வெளியேறியதும் அந்தத் தற்காலிக கணக்கில் சேமித்தது போய்விடும். அப்டேட்டே ஃபைலை அழித்த கதையும் உண்டு, மறுப்பதற்கில்லை. 2018 அக்டோபரில் வந்த வின்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸை அழித்ததால் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்து, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி விட்டது. ஆனால் அது அபூர்வம். பத்துக்கு எட்டு கேஸில் ஃபைல் வேறு இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துத் தேடுங்கள். பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டால் அது பழைய வைரஸ் வேலை, ஃபைல்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாமல், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சரி, தேடியாகிவிட்டது, நிஜமாகவே அழிந்துவிட்டது. இப்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால் வின்டோஸ் அதன் பெயரை மட்டும்தான் அடிக்கிறது. பேரேட்டில் பெயரை அடித்தாலும் மூட்டை கிடங்கிலேயே கிடக்கிற மாதிரி, தகவல் அதே இடத்தில் இருக்கும், 'இந்த இடம் காலி' என்று மட்டும் குறிப்பு இருக்கும். வேறு ஏதாவது வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை மீட்கலாம். எது வேண்டுமானாலும் வந்து உட்காரும் என்பதுதான் பிரச்சனை. ரெக்கவரி சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து அதே டிரைவில் இன்ஸ்டால் செய்வது எல்லாரும் செய்யும் தவறு. அதைவிடச் சின்னதாகத் தெரியும் ஒன்று இருக்கிறது. அதே சிஸ்டத்தில் பிரவுசரைத் திறந்து, அழிந்த ஃபைலை மீட்பது எப்படி என்று வரிசையாக நாலு வீடியோ பார்ப்பார்கள். பிரவுசர் ஒவ்வொரு பக்கத்துக்கும் படத்துக்கும் சி டிரைவில் தற்காலிகமாக எழுதிக்கொண்டே இருக்கும். காணாமல் போனது டெஸ்க்டாப்பில் இருந்தது என்றால், அதுவும் சி டிரைவ்தானே. தேடுவதை போனில் வைத்துக்கொள்ளுங்கள், சிஸ்டத்தை ஷட் டவுன் செய்துவிடுங்கள். பின்னர் டிரைவைக் கழற்றி, சாட்டா டு யூஎஸ்பி கேபிள் ஒன்றில் மாட்டி, வேறு சிஸ்டத்திலிருந்து படிப்பதுதான் முறை.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ் என்றால் கதையே வேறு. அழித்த இடம் இனி வேண்டாம் என்று வின்டோஸ் உடனே டிரைவுக்குச் சொல்லிவிடும். டிரிம் என்பது இதுதான், வின்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. டிரைவ் அந்த இடத்தைத் தானே துடைத்துச் சுத்தம் செய்யும். அப்புறம் எந்த சாஃப்ட்வேரும் ஒன்றும் செய்ய முடியாது, பெயர் தெரியும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கம் போனால் உங்களுடையது எஸ்எஸ்டியா, ஹெச்டிடியா என்று டிஸ்க்கின் பெயர் பக்கத்திலேயே போட்டிருக்கும். எஸ்எஸ்டி என்றால் ரெக்கவரி சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டும் முன் நூறு முறை யோசியுங்கள். அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவழிக்கலாம். கூலிக் கணக்கு எக்செல் ஆடிட்டருக்கு மெயிலில் போயிருக்கும், அவருடைய பெட்டியில் இருக்கும். ரசீது ஸ்கேனை வில்லேஜ் ஆஃபீஸ் வேலைக்காக யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள். கல்யாண போட்டோ எடுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சுலபத்தில் அழிப்பதில்லை. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் முந்தைய பதிப்புகள் என்ற பகுதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி, கரண்ட் போய் வந்தபின் அடிக்கடி நடப்பது. டிரைவைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி வரும், இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கும். ஏதோ அனுமதி கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்பதால், சரி என்று அழுத்திவிடுகிறார்கள். அழுத்தாதீர்கள், கேன்சல் கொடுங்கள். அந்தப் பெட்டிக்கு அர்த்தம் ஃபைல் முறையின் அட்டவணை கெட்டுவிட்டது என்பது மட்டும்தான், பெரும்பாலும் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். தவறி ஃபார்மட் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும், குவிக் ஃபார்மட்டாக இருந்தால் ஹார்ட் டிஸ்கில் இன்னும் நம்பிக்கை உண்டு. அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால், வின்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிரைவ் முழுக்க பூஜ்யம் எழுதுகிறது, அதோடு கதை முடிந்தது.

செக் டிஸ்க் ஓடவிடுவதும் இதே ரகம். யாரோ ஒரு உறவுக்காரப் பையன் வந்து, 'மாமா, செக் டிஸ்க் போட்டா சரியாயிரும்' என்பான். அது டிரைவின் ஒழுங்கைச் சரிசெய்யப் படைக்கப்பட்டது, உங்கள் ஃபைல்களைக் காப்பாற்ற அல்ல. ஒழுங்குக்குப் பொருந்தாத துண்டுகளை எல்லாம் வெட்டி 'ஃபவுண்ட்.000' என்ற மறைந்த ஃபோல்டரில் 'ஃபைல்0000.சிஎச்கே' என்று வரிசையாக எண் போட்டுக் குவித்துவிடும். அதில் எது கூலிக் கணக்கு, எது பாதி போட்டோ என்று கண்டுபிடிக்க முடியாது. ஃபைல்களை வேறு டிரைவுக்கு எடுத்து முடித்தபின் செக் டிஸ்க் ஓடட்டும், அதற்கு முன் வேண்டாம்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாராக இருக்கும். பணம் கட்டும் சாஃப்ட்வேரின் கிராக் பதிப்பைத் தேடி இறக்குவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்களில் ஸ்டாப் என்ற குடும்பம் பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது. போன ஃபைலைத் தேடப் போய் இருக்கும் ஃபைலையும் பூட்டிக்கொள்வார்கள். இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் இரண்டும் திறமூல மென்பொருள்கள், ரெகுவா இலவசம், மைக்ரோசாஃப்டே 2020இல் வின்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்று ஒன்றை விட்டது (கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், அதனால் பலருக்குப் பிடிக்காது). ஃபோட்டோரெக் பெயர் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை, ஒவ்வொரு வகை ஃபைலின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தை வைத்து டிரைவ் முழுக்கத் துழாவும். அதனால் அட்டவணை முழுக்கக் கெட்ட டிரைவிலும் வேலை செய்யும், ஆனால் பழைய பெயர்கள் போய்விடும், எண்களைப் பெயராக வைத்து ஆயிரக்கணக்கில் கொட்டும். பெயர் இல்லையே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள், படங்களை எடுத்த தேதிப்படி வரிசைப்படுத்தினால் பாதி வேலை முடியும். எதைப் பயன்படுத்தினாலும், மீட்டதை அதே டிரைவில் சேமித்தால் ஒன்றை மீட்கும்போது இன்னொன்றை அழிக்கிறீர்கள். தனி டிரைவ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோவதில் நடக்கும் தவறு, குறையை மட்டும் சொல்லி, உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விடுவது. 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பாருங்க' என்றால் பல கடைகளில் ஒரே வைத்தியம்தான், ஃபார்மட் அடித்து ஓஎஸ் போட்டுத் தருவார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்லவும் முடியாது, சி டிரைவில் முக்கியமானது எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள், நம்மவர்களோ எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் குவித்து வைத்திருப்பார்கள். கம்பத்துக் கடை என்றால் 'அண்ணே, எதையும் அழிக்காதீங்க, முதல்ல டேட்டா வேணும்', குமுளிக் கடை என்றால் 'சேட்டா, ஃபார்மட் செய்யண்டா'. சொல்வதோடு விடாமல் ஒரு தாளில் எழுதி சிபியூ மேல் ஒட்டிவிடுங்கள், காலையில் கேட்டவர் வேறு, சாயங்காலம் வேலை பார்ப்பவர் வேறு.

கொடுக்கும் முன் இன்னொன்று. புதிய வின்டோஸ் 11 சிஸ்டங்களில் டிரைவ் தானாகவே என்க்ரிப்ட் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கடையில் பயாஸில் (வின்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புப் பக்கம்) எதையாவது மாற்றினாலோ டிரைவைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டினாலோ 48 இலக்க சாவியைக் கேட்டு நிற்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு எந்த மெயிலில் ஆரம்பித்தது, பாஸ்வேர்டு என்ன என்று தெரியாவிட்டால் எந்த நிபுணராலும் திறக்க முடியாது. பையன் வெளியூர் படிப்புக்குப் போகும் முன் அவன் மெயிலில்தான் ஆரம்பித்தானா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் எல்லா சாஃப்ட்வேரையும் மறந்துவிட்டு உடனே கரண்டை நிறுத்துங்கள். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் தலைப்பகுதிக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். தலை கெட்டிருந்தால் ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைக் கீறிக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜில் வைப்பது, லேசாகத் தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது, மூன்றும் வேண்டாம். குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், திறந்தால் தூசி போகும். சத்தம் இல்லை, ஆனால் ஃபைல் திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது என்றால் டிரைவின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், மஞ்சளிலோ சிவப்பிலோ எச்சரிக்கை காட்டினால் அந்த டிரைவை மணிக்கணக்கில் ஸ்கேன் செய்யக் கூடாது. முதலில் டிரைவ் முழுவதையும் அப்படியே நகலெடுத்து, நகலில்தான் தேட வேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி நன்றாக இருக்கும் பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு வரும்.

இடி விழுந்து டிரைவே சுழலவில்லை என்றால், அடியில் இருக்கும் பச்சை போர்டு போயிருக்கும். அதே மாடல் பழைய டிரைவ் ஒன்றை வாங்கி போர்டை மாற்றினால் ஓடும் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ரொம்பப் பழைய டிரைவ்களில் அது நடந்தது. இப்போதைய டிரைவ்களில் அந்தந்த டிரைவுக்கே உரிய அளவீடுகள் போர்டில் ஒரு சிப்பில் இருக்கின்றன, அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அது சால்டரிங் தெரிந்தவர் வேலை.

ரேன்சம்வேர் பூட்டிவிட்டால் நெட்டை முதலில் கழற்றுங்கள். பூட்டிய ஃபைல்களையும் பணம் கேட்டு வைத்த குறிப்பையும் அழிக்காமல் அப்படியே ஒரு டிரைவில் எடுத்து வையுங்கள். 2016இல் யூரோபோல், டச்சு போலீஸ், இரண்டு கணினிப் பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் இலவசச் சாவிகள் கிடைக்கின்றன. இன்று இல்லாத சாவி பிறகு வந்ததும் உண்டு. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தால், மதுரையோ கொச்சியோ, அனுப்பும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, ஃபைல் கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு, கிடைத்த ஃபைல்களின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவீர்களா. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நாலைந்து ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே நீங்களோ கடையிலோ என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஃபார்மட் கொடுத்தது, செக் டிஸ்க் ஓடியது உட்பட. பார்சலில் டிரைவ் ஆடாதபடி எல்லாப் பக்கமும் மெத்தென்று சுற்றுங்கள், துணிக்குள் உருட்டி அட்டைப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடாதீர்கள், மலைப்பாதைக் குலுக்கலில் கொஞ்சம் உயிர் இருந்த டிரைவும் போய்விடும்.