குபர்நெட்டிஸ் கிளஸ்டர் அமைக்கும் முன்: ஐபி முகவரிகளைத் திட்டமிடுவது எப்படி?

கன்டெய்னர்களைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் மூன்று வகை ஐபி முகவரிகள் உண்டு: நோடுகளுக்கு, அதாவது மெஷின்களுக்கு ஒரு வரம்பு, பாட்களுக்கு, அதாவது கன்டெய்னர்கள் ஓடும் சிறு அலகுகளுக்கு ஒன்று, சர்வீஸ்களுக்கு, அதாவது பாட்களை அணுக உதவும் நிலையான முகவரிகளுக்கு ஒன்று. இவை ஒன்றோடொன்று மோதவே கூடாது. கிளஸ்டர் ஓட ஆரம்பித்த பிறகு பாட் வரம்பை மாற்றுவது பெரும்பாடு. அதனால் கிளஸ்டரை அமைக்கும் கருவியான கியூப் அட்மினைத் தொடுவதற்கு முன்பே மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: நோடு முகவரி

ஒவ்வொரு மெஷினுக்கும் மாறாத முகவரி கொடுங்கள். உதாரணமாக 192.168.1.10, 192.168.1.11, 192.168.1.12. ரீபூட் செய்ததும் முகவரி மாறிப்போனால் கிளஸ்டர் படுத்துவிடும்.

படி 2: பாட் வரம்பு

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பாட்களை இணைக்கும் நெட்வொர்க் பிளகினாகப் பிளானல் போட்டால் 10.244.0.0/16 (10.244 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்) இயல்பான வரம்பு. காலிகோ என்ற மற்றொரு பிளகினுக்கு 192.168.0.0/16. மேலே கொடுத்த நோடு முகவரிகளைப் பாருங்கள், மூன்றுமே காலிகோ வரம்புக்குள் விழுகின்றன!

இதனால் என்ன ஆகும்? 192.168.1.50-இல் கிளஸ்டருக்கு வெளியே ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது என்று வையுங்கள். பாட் அதைக் கூப்பிடும்போது, அதுவும் ஒரு பாட்தான் என்று காலிகோ எடுத்துக்கொள்ளும். நோடின் முகவரிக்கு மாற்றாமல், பாட்டின் சொந்த முகவரியோடே பாக்கெட்டை அனுப்பிவிடும். அந்த முகவரிக்கு வழி தெரியாததால் டேட்டாபேஸின் பதில் திரும்பி வராது. பிழைச் செய்தியாக வெறும் டைம்அவுட்தான் கிடைக்கும். எனவே இங்கே காலிகோவுக்கும் 10.244.0.0/16 கொடுத்துவிடுங்கள்.

அளவு போதுமா? பிளானல் அமைப்பில் நோடுக்கு ஒரு /24, அதாவது 256 முகவரிகள் வீதம் பிரியும், ஆக 256 நோடுகள் வரை தாங்கும். ஒரு நோடில் இயல்பாக 110 பாட்கள்தான் என்பதால் /24 தாராளம்.

படி 3: சர்வீஸ் வரம்பு

இயல்பாக 10.96.0.0/12, அதாவது 10.111.255.255 வரை. அலுவலக விபிஎன் இதே வரம்பில் இல்லையென்றால் அப்படியே விடலாம்.

படி 4: ஏபிஐ சர்வர் முகவரி

மற்ற நோடுகள் கிளஸ்டரில் சேரத் தொடர்புகொள்வது ஏபிஐ சர்வரைத்தான். ஒரே கணினியில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸில் பழகுபவர்கள் கவனிக்கவும். அங்கே இணையத்துக்கான நாட் நெட்வொர்க் கார்டு எல்லா மெஷினுக்கும் 10.0.2.15 என்ற ஒரே முகவரியைத் தரும். கியூப் அட்மின் டீஃபால்ட் ரூட், அதாவது வெளியே போகும் இயல்பான வழி இருக்கும் கார்டைத்தான் எடுக்கும், எனவே மற்ற நோடுகளால் சேர முடியாது. இரண்டாவதாக, உங்கள் கணினிக்கும் மெஷின்களுக்கும் இடையே மட்டும் இணைக்கும் ஹோஸ்ட்-ஒன்லி கார்டு ஒன்றைச் சேர்த்து, அதன் முகவரியை 'ஏபிஐசர்வர் அட்வர்டைஸ் அட்ரஸ்' ஆப்ஷனில் கொடுங்கள். ஒவ்வொரு நோடிலும் பாட்களை ஓட்டும் நிரலான கியூப்லெட்டின் 'நோடு ஐபி' ஆப்ஷனிலும் அந்த நோடின் ஹோஸ்ட்-ஒன்லி முகவரியைப் போடுங்கள்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

இப்போது கியூப் அட்மினின் இனிட் கட்டளையை 'பாட் நெட்வொர்க் சிஐடிஆர்' ஆப்ஷனில் பாட் வரம்பைக் கொடுத்து ஓட்டுங்கள். அப்புறம் நெட்வொர்க் பிளகினை நிறுவுங்கள். அதன் யாம்ல் அமைப்புக் கோப்பிலும் அதே வரம்பு இருக்க வேண்டும். பிளகின் வரும்வரை, கிளஸ்டருக்குள் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் கோர்டிஎன்எஸ் பாட்கள் பெண்டிங்கில்தான் நிற்கும், பயப்பட வேண்டாம். மற்ற நோடுகளையும் சேர்த்த பின், நோடு பட்டியலை 'வைட்' வடிவில் எடுத்து இன்டர்னல் ஐபி நெடுவரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு நோடுக்கும் நீங்கள் தாளில் எழுதிய முகவரியே அங்கே இருந்தால் சரி, அடுத்து ஒரு சோதனைப் பாட்டை ஏற்றலாம்.