சந்தனமும் செஞ்சந்தனமும்: பெயரை நம்பாமல் ஒப்பிடுங்கள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டைமாடிக்கென்று ஒரு சந்தனக் கன்று வாங்கி வந்தேன். வளர வளரச் சந்தேகம் தட்டியது. ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள். சந்தனத்துக்குத் தனி இலை. அதுவும் எதிரெதிரே இணையாக வரும். விற்றவர் கொடுத்தது செஞ்சந்தனம், அதாவது செம்மரம். அன்றுமுதல் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டு எழுதக் கற்றுத்தர இந்த இரண்டையும்தான் எடுக்கிறேன்.

முதலில் தாவரவியல் பெயரை எழுதுங்கள். சந்தனம், சாண்டலம் ஆல்பம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். செம்மரம், டெரோகார்பஸ் சாண்டலினஸ். வைத்தவர் அவருடைய மகன். பேரினமே வேறு. குடும்பமும் வேறு: சந்தனம் சாண்டலேசி, செம்மரமோ அவரையும் புளியும் சேர்ந்த ஃபேபேசி. பூவையும் கையில் வைத்துப் பாருங்கள். செம்மரத்துக்கு மஞ்சள் பூ. சந்தனப் பூ மிகச் சிறியது. வெளிறிய நிறத்தில் விரிந்து, நாளாக ஆகக் கருஞ்சிவப்பாகும். சந்தன மணம் மரத்தின் நடுவிலுள்ள வைரக்கட்டையில் இருக்கிறது. செம்மரக் கட்டையில் அந்த மணம் கிடையாது, சிவப்புச் சாயம்தான்.

வாழிடம் என்றதும் ஊர்ப்பெயரோடு நிறுத்தாதீர்கள். அங்கே எப்படிப் பிழைக்கிறது என்பதையும் எழுதுங்கள். செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம், கடப்பைப் பக்கத்து வறண்ட பாறைச் சரிவுகளில். சந்தனம் கர்நாடக, தமிழ்நாட்டு இலையுதிர் காடுகளில் பரவலாக உண்டு. ஆனால் அது தனித்து வாழாது. பச்சை இலையால் உணவு தயாரித்தாலும், பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரையும் சத்தையும் உறிஞ்சும். அதனால்தான் நாற்றுப் பையில் கூடவே ஒரு துவரைச் செடி வைப்பார்கள். பிறகு நான் வாங்கிய உண்மையான சந்தனக் கன்றில் அந்தத் துவரையைக் களையென்று நினைத்துப் பிடுங்கினேன், கன்று கருகியது. இன்றும் மனம் ஆறவில்லை.

பாதுகாப்பு நிலையை ஆண்டோடு சேர்த்தே குறியுங்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் சந்தனம் 1998இலும் 2019இலும் 'அழிவாய்ப்புள்ள இனம்'. செம்மரம் 2018இல் 'அச்சுறுத்தலை நெருங்கிய இனம்' என்று ஆபத்து குறைந்த நிலைக்கு இறங்கி, 2021இல் மறுபடியும் 'அருகிவரும் இனம்' ஆனது. பழைய கட்டுரையைப் பார்த்து எழுதுபவர் இங்கேதான் தவறுவார். பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் செம்மரம் இருக்கிறது, இந்தச் சந்தனம் இல்லை. இல்லாததால் சந்தனம் பத்திரமாக இருப்பதாக எழுதிவிடாதீர்கள். பெங்களூரில் வளாகங்களுக்குள் நிற்கும் சந்தன மரங்களையே இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போகிறார்கள்.