ஆக்டிவ் டைரக்டரியில் கணக்கு அழிந்துவிட்டதா? அவசரத்தில் இவற்றைச் செய்யாதீர்கள்

ஆக்டிவ் டைரக்டரி என்பது ஒரு நிறுவனத்தின் விண்டோஸ் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு. அதில் வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழிக்கப் போய், அதே பெயருள்ள இன்னொருவரின் கணக்கை அழித்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். சேதம் பெரும்பாலும் அதற்கடுத்த பத்து நிமிடப் பதற்றத்தில் வருகிறது.

எல்லோரும் முதலில் செய்வது, அதே பெயரில் புதுக் கணக்கு உருவாக்குவது. லாகின் ஆகிவிடும், சரி. ஆனால் விண்டோஸ் ஆளை அடையாளம் காண்பது எஸ்ஐடி என்ற எண்ணை வைத்து. புதுக் கணக்குக்கு எஸ்ஐடியும் புதிது. ஷேர்டு ஃபோல்டர் திறக்காது, குரூப் எதிலும் ஆள் இருக்க மாட்டார், டெஸ்க்டாப் வெறுமையாக வந்து நிற்கும். ஃபோல்டரின் செக்யூரிட்டி பகுதியில் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்தான் தெரியும். அப்புறம் பழைய கணக்கை மீட்கப் போனால், அதே ஓயூவில் (கணக்குகளைத் தொகுத்து வைக்கும் பிரிவு) அதே பெயர் இருப்பதால் முரண்டு பிடிக்கும்.

இதைவிட மோசமானது, அழித்த பிறகு ஓடிப்போய், அழித்தவற்றை முழு விவரத்தோடு மீட்க உதவும் ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின்னை ஆன் செய்வது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் இருக்கும் வசதி இது. நாமாக இயக்கினால்தான் உண்டு. ஏற்கெனவே டூம்ஸ்டோனாக, அதாவது அழித்த கணக்கின் மிச்சமாகக் கிடப்பவை, இயக்கியதும் பழைய பேக்கப் இல்லாமல் மீட்கவே முடியாத நிலைக்குப் போய்விடும். இயக்காமல் இருந்தால் டூம்ஸ்டோனையாவது உயிர்ப்பிக்கலாம்: குரூப் விவரமெல்லாம் போயிருக்கும், எஸ்ஐடி மிஞ்சும்.

ரீசைக்கிள் பின் ஏற்கெனவே ஆனில் இருந்து, முழு ஓயூவே அழிந்திருந்தால், முதலில் ஓயூவை மீட்டுவிட்டு அப்புறம் உள்ளே இருந்தவர்களை மீட்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிழைதான் வரும்.

அழித்ததை மீட்கக் கெடுவும் உண்டு. விண்டோஸ் சர்வர் 2003 எஸ்பி1-க்குப் பின் அமைத்த ஃபாரஸ்ட் (ஆக்டிவ் டைரக்டரியின் முழு அமைப்பு) என்றால் பொதுவாக 180 நாள். அதற்கு முந்தையதிலிருந்து மேம்படுத்தியே வந்தது என்றால் இன்னும் 60 நாளாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கெடுவைத் தாண்டிய பேக்கப்பும் உதவாது.

பேக்கப்பிலிருந்து மீட்பவர்கள் சறுக்குவது, மீட்டதுதான் சரியானது என்று குறிக்கும் ஆதாரிட்டேட்டிவ் ரீஸ்டோரை விட்டுவிடுவதில். என்டிடிஎஸ்யூட்டில் என்ற கட்டளைக் கருவியில் அதைச் செய்யாமல் டிசியை (டொமைன் கன்ட்ரோலர், ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) மீண்டும் கிளப்பினால், மற்ற டிசிகள் தங்களுக்குள் தகவலை ஒத்திசைக்கும் ரெப்ளிகேஷனில் அந்தக் கணக்கை மறுபடி அழித்துவிடும். இதற்கெல்லாம் டிஎஸ்ஆர்எம் (டிசியை மீட்பு வேலைக்காகத் தொடங்கும் தனி முறை) கடவுச்சொல் வேண்டும். டிசி அமைத்த அன்று யாரோ வைத்தது. பல இடங்களில் யாருக்கும் நினைவிருக்காது. டிசி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்டிடிஎஸ்யூட்டிலில் அதை மாற்றி, எழுதி, பூட்டி வையுங்கள்.