கறுப்பாக விழுந்தால் போதாது: நானோகுழாய் மை அச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு வளையும் மின்சுற்றுகளை அச்சிடக் கற்றுக்கொடுக்கிறேன். சென்ற கோடையில் பாலியெஸ்டர் தாளின் மேல் ஸ்டென்சில் வைத்து, கார்பன் நானோகுழாய்கள் (கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய குழாய்கள்) கலந்த மையை ஏர்பிரஷ்ஷால் தெளித்தோம். கோடு கன்னங்கரேலென்று விழுந்தது. ஆனால் மல்டிமீட்டர் மெகா ஓமிலேயே நின்றது; அதாவது மின்தடை மிக அதிகம். இன்னும் நான்கு பூச்சு தெளித்தால் சரியாகிவிடும் என்றார்கள் மாணவர்கள். கறுப்பு கூடினால் மின்சாரமும் கூடும் என்ற இந்த நம்பிக்கைதான் முதல் தவறு.

ஒரு நானோகுழாய்க்குள் எலெக்ட்ரான் விரைந்து ஓடும். அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் திணறும். திருநெல்வேலியிலிருந்து கோவைக்குப் பஸ் மாறிப் போகிறவருக்கு இது சட்டென்று புரியும். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஆரப்பாளையத்தில் ஏறுவதற்குள்தான் பொழுது போய்விடுகிறது. பெரும்பாலான தவறுகள் இந்த மாறும் இடத்தைக் கெடுப்பவையே.

குழாய்கள் நீரில் கட்டிதட்டாமல் இருக்க, சோடியம் டோடெசில் சல்பேட் போன்ற சோப்புப் பொருளைச் சேர்க்கிறோம். மை காய்ந்ததும் அது குழாய்களுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத தோலாகத் தங்கிவிடுகிறது. அன்று தாளை வாலை வடிநீரில் மெதுவாக அமிழ்த்தி, நீரை இரண்டு முறை மாற்றி, உலர்த்தி அளந்தோம். மெகா ஓம், கிலோ ஓமாக இறங்கியிருந்தது. திறந்த பைப்பின் அடியில் மட்டும் காட்டாதீர்கள். படலம் உரிந்துகொண்டு போய்விடும்.

கட்டிகளைப் பிரிக்க மீயொலிக் கருவியில் (காதுக்கு எட்டாத ஒலியால் மையை அதிரவைப்பது) மணிக்கணக்கில் வைப்பதும் கேடுதான். குழாய்கள் நறுக்குண்டு குட்டையாகின்றன. அப்புறம் அதே தூரத்துக்கு இன்னும் பல பஸ் மாற வேண்டியிருக்கும். பாத்திரத்தை ஐஸ் நீரில் வைத்து, இடையிடையே நிறுத்துங்கள்.

எவர்சில்வர் டபராவில் சிந்திய காபித் துளி காய்ந்தால் விளிம்பில் மட்டும் அடர்ந்த வளையம் தெரியும். விளிம்பு முந்திக் காய்வதால், நடுவிலிருக்கும் துகள்களையெல்லாம் நீரோட்டம் அங்கே இழுத்துச் செல்கிறது. பெரிய துளிகளாகத் தெளித்தால் மையும் இப்படித்தான் ஆகும். நுண்ணிய தூவலாக, மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் அடுத்ததைத் தெளியுங்கள்.

சூட்டிலும் கவனம் வேண்டும். சூட்டில் நீக்க வேண்டிய பிசின் பொருளான எத்தில் செல்லுலோஸ் கலந்த கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் ஏடு) மைக்கு 250 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் மேல் சூடு தேவைப்படும். பாலியெஸ்டர் தாள் அதில் சுருண்டு பாழாகும், பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாள் தாங்கும். மின்னோட்டத்தை விட்டும் நிறுத்தியும் வேலை செய்யும் டிரான்சிஸ்டர் செய்ய நினைப்பவர்கள், உலோக வகை, குறைகடத்தி வகை என்று பிரிக்காத ஒற்றைச்சுவர்க் குழாய்களை (சுவர் ஒரே அடுக்காக உள்ளவை) வாங்கி ஏமாற வேண்டாம். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மை கொண்டவை என்பதால், மின்னோட்டத்தை முழுதாக நிறுத்தவே முடியாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். உலர்ந்த நானோகுழாய்ப் பொடியை எடை போடும்போது, எவ்வளவு புழுக்கமானாலும் மின்விசிறியை நிறுத்துங்கள். பலசுவர்க் குழாய்களில் ஒரு வகையை, புற்றுநோய் விளைவிக்கக் கூடியதாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் வகைப்படுத்தியது. முடிந்தால் பொடியைத் தொடவே தொடாதீர்கள்; நீரில் கலந்த நிலையிலேயே வாங்குங்கள்.