ஒரு டிராகன் இனத்தை முட்டையிலிருந்து எழுதுவது எப்படி

கதைக்கோ விளையாட்டுக்கோ ஒரு டிராகனை உருவாக்க உட்கார்ந்தால், பெரும்பாலோர் முதலில் வரைவது அதன் வாயிலிருந்து வரும் நெருப்பைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சாம்பலாத்தி என்று பெயர் வைத்தேன், எரிமலைச் சரிவில் குடியேற்றினேன், சிவப்பு, நீலம், பொன் என்று ஒன்பது வகைகளை எழுதி முடித்தேன். படித்துப் பார்த்த தங்கை மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "மாமா, இது எங்கே முட்டை போடும்?" என்னிடம் பதில் இல்லை. ஒன்பதையும் அடித்துவிட்டு முட்டையிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன். ஆறு வருடமாக அதே நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்ட வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஏன் முட்டை? அதற்குச் சூடு வேண்டும், மறைவிடம் வேண்டும், பொரியும் வரை காலம் வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் எழுதினாலே உங்கள் விலங்கு எங்கே வாழும், எந்த மாதத்தில் எங்கே போகும், எப்போது மூர்க்கமாகும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். கலாபகோஸ் தீவுகளில் ஃபெர்னாண்டினா என்று ஒரு எரிமலைத் தீவு இருக்கிறது. அங்கே நில இகுவானா என்ற பெரிய பல்லிகளில் பெண்கள் முட்டையிடுவதற்காக எரிமலையின் விளிம்பு வரை ஏறி, அதன் வாய்க்குள் இறங்கி, சூடான சாம்பலில் குழி தோண்டுகின்றன. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மாலியோ என்ற பறவையும் எரிமலைச் சூடோ வெயில் சூடோ உள்ள மண்ணில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பதே இல்லை. குஞ்சு தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு மேலே வரும்.

என் சாம்பலாத்தியின் முதல் பக்கம் இந்த இரண்டிலிருந்தும் பிறந்தது. பெண் சாம்பலாத்தி மழைக்காலம் முடிந்ததும் மலையேறுகிறது. போகும் வழியில் சாப்பிடுவதில்லை. சாம்பலை நாக்கால் தொட்டுத் தொட்டுச் சூடு பார்க்கிறது. சரியான இடம் கிடைத்ததும் ஒரு கை ஆழத்துக்குத் தோண்டி இரண்டு முட்டைகளை வைக்கிறது. நாக்கின் நுனி வெந்து தழும்பேறி இருப்பதை வைத்தே ஒரு பெண் எத்தனை முறை மலையேறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்தத் தழும்பை நான் யோசித்து உருவாக்கவில்லை. சூடு பார்ப்பது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. முதலைகளில் முட்டை இருக்கும் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது. அதையும் எடுத்துக்கொண்டேன். எரிமலை சில வருடங்கள் அடங்கிக் கிடந்தால் சாம்பலில் சூடு குறையும், அந்த வருடங்களில் பொரிப்பதெல்லாம் பெண்ணாகவே போகும். ஒரு கதைக்கு இதுவே போதும்.

அடுத்தது வயிறு. வெப்ப ரத்தமா, குளிர் ரத்தமா என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால் ஊர்வனவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவு சாப்பாடே போதும். கொமோடோ டிராகன் என்ற ராட்சதப் பல்லி ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை விழுங்கிவிட்டு நாள்கணக்கில் சும்மா கிடக்கும். தினமும் பறந்து திரியும் வெப்ப ரத்த டிராகனால் அப்படிக் கிடக்க முடியாது. ஒரு பள்ளத்தாக்கில் நூறு டிராகன்களை வைத்தால், அவை தின்ன எத்தனை ஆயிரம் மான் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை தானாகக் குறையும். என் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு ஜோடிதான் மிஞ்சியது. அரிதாக இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

கை, கால், சிறகு விஷயத்தில் கறாராக இருங்கள். நிலத்தில் வாழும் முதுகெலும்பு உயிர்கள் எல்லாமே நான்கு உறுப்புகள் கொண்ட ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. வௌவாலின் சிறகு அதன் கைதான், பறவையின் சிறகும் கைதான். ஆகவே நான்கு காலும் தனியாக இரண்டு சிறகும் வேண்டுமென்றால், உங்கள் உலகில் ஆறு உறுப்புள்ள அணிலும் தவளையும் இருந்தாக வேண்டும். டிராகனுக்கு மட்டும் சலுகை தராதீர்கள். இன்னொரு வழியும் உண்டு. பறக்கும் பல்லிக்கு நான்கு காலும் உண்டு, இறக்கையும் உண்டு. அந்த இறக்கை, நீண்டு வளர்ந்த விலா எலும்புகளின் மேல் விரிந்த தோல். 1758இல் உயிர்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் அதற்கு வைத்த பேரினப் பெயரே டிராகோதான். ஆனால் அது மரத்துக்கு மரம் சறுக்கிப் போகுமே தவிர, சிறகடித்து மேலே எழும்பாது. அந்தக் குறையோடு சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருவம் மாறாமல் நீளத்தை இரட்டிப்பாக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்கு ஆகும், எடை எட்டு மடங்கு ஆகும். பறந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான, டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான குவெட்சால்கோட்லஸின் சிறகு விரிப்பு 10 மீட்டருக்குப் பக்கம். யானை எடையில் ஒன்றைப் பறக்கவிடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பலாத்தி 20 கிலோதான்.

சரி, நெருப்பு. குண்டுவீச்சு வண்டு என்று ஒன்று இருக்கிறது. அதன் வயிற்றில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஓர் அறையில் கிடக்கும், அவற்றைத் தூண்டும் நொதிகள் வேறோர் அறையில் இருக்கும். மிரண்டால் இரண்டையும் கலந்துவிடும். திரவம் கொதிநிலைக்குச் சூடாகி, விட்டுவிட்டுப் படபடவென்று பீறிட்டு வரும். சுவாலை இல்லை, ஆனால் எதிரிக்கு வெந்துவிடும். என் சாம்பலாத்திக்கு இதைத்தான் கொடுத்தேன். மூன்று முறை பீய்ச்சினால் பை காலி, மறுபடி நிறைய ஒரு வாரம் ஆகும். அதனால் அது இரை பிடிக்க இதைச் செலவழிப்பதில்லை, முட்டைக் குழிக்குப் பக்கத்தில் யாராவது வந்தால் மட்டும்தான். எந்தத் திறமையைக் கொடுத்தாலும் அதற்கு அந்த உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்போது வகைகள். நான் மிக நேசிக்கும் பகுதி இது, அதிகம் தவறு செய்ததும் இங்கேதான். நிறத்தை மாற்றினால் வகை ஆகாது. ஒரே கூட்டம் மலையாலோ கடலாலோ இருட்டாலோ பிரிந்து, பல தலைமுறை வேறு சாப்பாடு சாப்பிட்டு, வேறு குளிரைத் தாங்கினால்தான் வகை உருவாகும். வரைபடத்தை எடுத்து முதலில் தடைகளைக் குறியுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இது எதைப் புதிதாகத் தின்கிறது, எதை இழந்தது என்று கேளுங்கள். இழப்பைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

மேட்டில் இருப்பதை எடுத்துக்கொள்வோம். வெப்ப ரத்த விலங்குகளில் குளிர்ப் பகுதியில் வாழ்பவை பெரும்பாலும் பருத்த உடலோடும், குட்டையான காது, வால், கால்களோடும் இருக்கும். அதன்படி என் மேட்டு வகைக்கு வாலைக் குறைத்தேன். வால் குறைந்ததும் காற்றில் திரும்பும் லாவகம் போய்விட்டது. பறவையைத் துரத்த முடியாமல் பிணம் தின்னியாகிவிட்டது. கழுத்தில் செதிலும் உதிர்ந்தது. ஒரு வாலை வெட்டினேன், ஒரு வாழ்க்கையே மாறிவிட்டது!

குகை வகைக்கு எனக்குக் கைகொடுத்தது ஓல்ம். ஸ்லோவேனியாவின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் வெளிறிய, பார்வையற்ற நீர்வாழ் உயிர் அது. வெள்ளம் அதை வெளியே அடித்துக்கொண்டு வரும்போது, உள்ளே இருக்கும் டிராகனின் குஞ்சு என்று அந்தப் பகுதி மக்கள் நம்பினார்கள். அந்தப் பகுதியைப் பற்றி எழுதிய வால்வாசர் என்ற அறிஞர் 1689இல் இந்த நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். ஓல்ம் வருடக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கக்கூடியது. என் குகை வகையும் கண்ணை இழந்தது, சிறகை இழந்தது, பொறுமையைப் பெற்றது. எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகைகளில், வௌவால்கள் தவறி விழும் வரை காத்துக் கிடக்கிறது.

வகைகள் சந்திக்கும் எல்லையையும் விட்டுவிடாதீர்கள். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கைச் சுற்றி என்சாட்டினா என்ற சாலமாண்டர் (பல்லி போலிருக்கும், தவளைக்கு உறவான உயிர்) வளையமாகப் பரவியிருக்கிறது. பக்கத்துக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலக்கும். ஆனால் தெற்கில் வளையத்தின் இரு முனைகள் சேரும் இடத்தில் பெரும்பாலும் கலப்பதில்லை. என் எரிமலையைச் சுற்றியும் அப்படி ஒரு வளையம் போட்டேன். கரைக்கும் மேட்டுக்கும் நடுவில் அரைவாலோடு ஒரு கூட்டம் திரிகிறது. அதை எந்த வகையில் சேர்ப்பது என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை.

பெயர் வைக்கும்போது நம் பறவைப் பெயர்களைப் பாருங்கள். செம்மார்புக் குக்குறுவான், கருந்தலை மாங்குயில்: அடையாளம் முன்னால், இனம் பின்னால். கொண்டலாத்தியைக் கேட்டுத்தான் சாம்பலாத்தியே எனக்கு வந்தது. அதன்படி கரைச் சாம்பலாத்தி, குறுவால் சாம்பலாத்தி, குருட்டுச் சாம்பலாத்தி. வாய்க்குள் நுழையாத மெய்யெழுத்துக் கூட்டத்தை வைத்தால் அது பிராணியாகத் தோன்றாது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். படங்களை மூடிவிட்டு, காலடித் தடங்களை மட்டும் வரைந்து நோட்டைப் படித்த ஒருவரிடம் கொடுங்கள். சாம்பலாத்தி சிறகை மடித்து ஊன்றி நடப்பது, அதனால் நான்கு தடம் விழும். தங்கை மகளிடம் கொடுத்தபோது, சவ்வு விரல் பதிந்ததைக் கரை என்றாள். வால் இழுபடாத தடத்தைக் குறுவால் என்றாள். மூன்றாவதில் முன்தடம் இரண்டும் சின்னப் புள்ளிகளாக இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குச் சிறகே இல்ல, குருடு" என்றாள்.