புராஸ்டேட் அழற்சி: மாத்திரையைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் அழற்சி எனக்கு வந்தபோது மூலம் என்றே நினைத்தேன். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், கூழாங்கல் மேல் உட்கார்ந்தாற்போல ஒரு வலி. சிறுநீர் கழித்து முடித்த பிறகும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பது போலவே இருக்கும். மூன்று வாரம் களிம்பு தடவிவிட்டு, அப்புறம்தான் சிறுநீரக மருத்துவரிடம் போனேன்.

படி 1: அவசரமா என்று பாருங்கள்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது. இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 2: எந்த வகை?

வயதானவர்களுக்கு இந்தச் சுரப்பி பெரிதாவது வேறு, இது வேறு. அழற்சி இளைஞர்களுக்கும் வரும். இதில் நான்கு வகை: திடீரென வரும் பாக்டீரியா தொற்று, திரும்பத் திரும்ப வரும் பாக்டீரியா தொற்று, கிருமியே அகப்படாத நாள்பட்ட இடுப்பு வலி, அறிகுறியே இல்லாத அழற்சி. தொந்தரவோடு வருபவர்களில் பெரும்பாலானோர் மூன்றாவது வகைதான். கிருமி இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக்குக்கு என்ன வேலை? அதனால்தான் வகையைக் கண்டுபிடிப்பதில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன்.

படி 3: மூன்று நாள் கணக்கு

எப்போது சிறுநீர் போனீர்கள், எத்தனை மில்லி, வலி பத்துக்கு எத்தனை, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, எனக்குப் பிடிக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் கைபேசியைத் தேடித் திறப்பதற்குள் மறந்துவிடுகிறது. கழிவறைக் கதவில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலும் ஒரு தாளும் போதும். கூடவே, கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்று.

படி 4: சிறுநீர் கல்ச்சர்

சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பதுதான் கல்ச்சர். நான் சறுக்கியது இங்கேதான். பல் வலிக்கு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் குப்பியோடு ஆய்வகத்துக்குப் போனேன். 'கிருமி வளரவில்லை' என்று முடிவு வந்தது. உண்மையிலேயே கிருமி இல்லையா, மாத்திரை அதை அமுக்கிவிட்டதா? மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. மாத்திரையை நிறுத்தி, காத்திருந்து, முதலிலிருந்து எல்லாம் மறுபடி. ஆகவே, மருத்துவர் சொல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கையும் விழுங்காதீர்கள். ஏற்கெனவே விழுங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மாதிரி எடுக்கும் விதம்: கை கழுவி, குறியின் நுனியையும் சுத்தம் செய்யுங்கள். முதலில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. எடுத்ததை உடனே ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். சில மருத்துவர்கள் மலவாய் வழியே சுரப்பியை அழுத்திவிட்டு இன்னொரு மாதிரியும் கேட்பார்கள். சங்கடம்தான், ஆனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். காய்ச்சலோடு திடீரென வந்த தொற்றில் மட்டும் அப்படி அழுத்தக் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடலாம்.

படி 5: பி.எஸ்.ஏ. பார்த்துப் பயப்படாதீர்கள்

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட்டில் உருவாகும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை. அழற்சி இருக்கும்போது இதில் எண் பெரும்பாலும் ஏறி நிற்கும். அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது. குணமான பின் ஆறு முதல் எட்டு வாரம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

படி 6: சிகிச்சை

கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் ஓடும். பல மருந்துகள் இந்தச் சுரப்பிக்குள் எளிதில் புகுவதில்லை, அதனால்தான் இவ்வளவு நாள். நாலாம் நாள் வலி போய்விட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். கிருமி இல்லையென்றால் சிறுநீர் எளிதாகப் போகத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரை, வலி மருந்து, இடுப்புத் தளத் தசைக்கான (சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் தசை) பிசியோதெரபி என்று ஆளுக்கேற்ப மாறும். டாம்சுலோசின் தொடங்கிய முதல் சில நாள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், மெதுவாக எழுங்கள்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் இரண்டு பேர், கெகல் பயிற்சி (இடுப்புத் தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சி) செய்ததும் வலி கூடியது என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது வகையில் பலருக்கு அந்தத் தசை ஏற்கெனவே இறுகித்தான் கிடக்கும். அதை மேலும் இறுக்கினால் வலி கூடலாம். இவர்களுக்குத் தேவை தசையைத் தளர்த்தும் பயிற்சி. காணொளி பார்த்துத் தொடங்காமல், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை வெந்நீர்த் தொட்டியில் இடுப்பளவுக்குப் பத்து நிமிடம் உட்காருங்கள். எனக்கு இன்றும் வலி எட்டிப் பார்க்கும் நாளில் அதுதான் கைகொடுக்கிறது.