ராஜ்தூத் 350: பாயிண்ட் டைமிங்கை வீட்டிலேயே வைப்பது எப்படி?

என் ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் மூன்று மாதங்களாக ஒன்றரை சிலிண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரை நான்கு முறை கழற்றிக் கழுவினேன். குற்றவாளி கார்புரேட்டர் அல்ல, பாயிண்ட்: தீப்பொறி விழ வேண்டிய நொடியில் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறிய சுவிட்ச். அது திறக்கும் நேரம்தான் டைமிங்.

யமஹா ஆர்டி350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, மைலேஜுக்காகச் சக்தியைக் குறைத்தார்கள். யமஹாவில் 39 குதிரைத்திறன். இங்கே இரண்டு வகை: ‘ஹை டார்க்’ (டார்க் என்றால் முறுக்குவிசை) வண்டிக்கு 30.5, ‘லோ டார்க்’ வண்டிக்கு 27. முன்பக்க டிஸ்க் போய் டிரம் வந்தது. அடித்தளம் மட்டும் அதேதான்: 347 சி.சி., இரட்டை சிலிண்டர், ரீட் வால்வு, ஆறு கியர். இரண்டு பிஸ்டன்களும் எதிரெதிராக, 180 பாகை இடைவெளியில் ஏறி இறங்குகின்றன. ஆகவே கிராங்கோடு சுழன்று பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் கேம் ஒன்றே, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பாயிண்ட். இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். தலைவலி தொடங்குவது இங்கேதான்.

தேவையானவை: பிஸ்டனின் உயரத்தை அளக்க ஸ்பார்க் பிளக் துளையில் திருகும் டயல் கேஜ், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர். கண்ணளவில் வைக்கும் பழைய கைகள் உண்டு. அவர்களை மதிக்கிறேன், பின்பற்ற மாட்டேன். டைமிங் முந்தினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் வண்டி இது. டயல் கேஜில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை அணைத்து, இரண்டு பிளக்குகளையும் இடப்பக்க மூடியையும் கழற்றுங்கள். ஆறாம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் கிராங்கும் இயல்பான திசையில் சுழலும். கிராங்க் முனை போல்ட்டில் ஸ்பானர் மாட்டிச் சுற்றாதீர்கள். அந்தத் திசையில் அது கழன்றுவிடும்.

முதலில் இடைவெளி. பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும் நிலையில் 0.35 மி.மீ. வையுங்கள். பூட்டுத் திருகை இறுக்கிய பின் மறுபடியும் அளந்து பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்துவிடும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். எனவே இரண்டு பாயிண்ட்டிலும் இடைவெளியை முடித்த பிறகே டைமிங்குக்குப் போக வேண்டும். நான் தலைகீழாகச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அடுத்து டயல் கேஜ். முள் ஏறிப் போய்த் திரும்பும் இடம்தான் பிஸ்டனின் உச்சி. அங்கே முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிப் பிஸ்டனை 4 மி.மீ. வரை இறக்கி, பிறகு மெதுவாக முன்னோக்கி வாருங்கள். செயினிலும் கியரிலும் உள்ள தளர்வு தீர வேண்டுமல்லவா? உச்சிக்கு 2.0 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். இது யமஹா கையேட்டின் அளவு. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பல டயல் கேஜ்களில் முள் ஒரு சுற்று சுற்றினால் 1 மி.மீ. தான். இரண்டு சுற்று எண்ண மறக்காதீர்கள்.

இப்போது என்னை மூன்று மாதம் அலைக்கழித்த இடம். மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, ஒரு முனையைப் பாயிண்ட் கம்பியிலும் மறுமுனையை இன்ஜின் உடலிலும் தொட்டேன். பாயிண்ட் திறந்தால் ஒலி நிற்க வேண்டும். நிற்கவில்லை. கண்ணெதிரே பாயிண்ட் பிரிந்து நிற்கிறது, மீட்டர் கூவிக்கொண்டே இருக்கிறது! கண்டென்சர் (பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் பாகம்) கெட்டது என்று நினைத்து இரண்டையும் மாற்றினேன். அதே கூவல்.

காரணம் எளிது. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில்கள் சிலிண்டருக்கு ஒன்று; இரண்டும் ஒரே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. இடப் பாயிண்ட் திறந்தாலும், மின்னோட்டம் இடக் காயில் வழியாக ஏறி, பொதுக் கம்பியைத் தாண்டி, வலக் காயில் வழியாக இறங்கி, மூடியிருக்கும் வலப் பாயிண்ட் வழியே இன்ஜின் உடலைத் தொட்டுவிடுகிறது. காயிலின் மின்தடை மிகக் குறைவு என்பதால் மீட்டருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தீர்வு: பாயிண்ட்டிலிருந்து காயிலுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் இணைப்பில் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பீப் ஒலி கத்தி வெட்டியது போல் நிற்கும்.

ஒரு பாயிண்ட் அடித்தட்டிலேயே இருக்கும், மற்றது அதன் மேலுள்ள சிறிய துணைத்தட்டில். அடித்தட்டிலேயே பொருத்தப்பட்ட பாயிண்ட்டை முதலில் சரிசெய்யுங்கள். 2.0-க்கு முன்பே, அதாவது 2.3-இல் திறக்கிறதென்றால், அடித்தட்டைக் கிராங்க் சுழலும் திசையில் சற்றே நகர்த்துங்கள், பிந்தினால் எதிர்த்திசையில். பிறகு டயல் கேஜை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி, உச்சியை மறுபடி கண்டுபிடித்து, துணைத்தட்டை மட்டும் நகர்த்துங்கள். இந்த வரிசை மாறினால் இரண்டாவதற்காக நகர்த்துவது முதலாவதைக் கெடுத்துவிடும்.

கம்பிகளை மாட்டி, கேமைத் தடவும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடுங்கள். கார்புரேட்டர் கேபிளைத் தொட்டிருந்தால், இன்ஜினுக்கு எண்ணெயைத் தானே ஊட்டும் ஆட்டோலூப் பம்பின் அடையாளக் கோட்டையும் பார்த்துவிடுங்கள். பாயிண்ட்டே தேவைப்படாத எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடலாமே என்பார்கள்; மாறலாம்தான். நடுவழியில் நின்றால் பாயிண்ட்டைக் காகிதத்தால் துடைத்தாவது வீடு திரும்பலாம் என்பதால் நான் மாறவில்லை.

பிற்சேர்க்கை: ஒவ்வொரு சுற்றிலும் அளவு மாறுகிறது, ஒருமுறை 1.8, மறுமுறை 2.2 என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கேமைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆடியது. கிராங்க் பேரிங் போய்விட்டது. அதை மாற்றும்வரை டயல் கேஜைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டேன்.